கொடைக்கானல் குளிரில் சம்பங்கி வாசம்: ‘தோ சோன்’ வாசனைத் திரவியம்

கொடைக்கானலின் கோடைப் பூக்களில் பெரும்பாலானவை கண்ணுக்கானவை. மே மாத மலர்க் கண்காட்சியையொட்டிப் பிரையண்ட் பூங்காவில் டேலியாவும் பெட்டூனியாவும் பேன்சியும் பாத்தி பாத்தியாகப் பூத்து நிற்கும். வீட்டு வேலிகளில் ஹைட்ராஞ்சியா நீலமும் இளஞ்சிவப்புமாகக் குலுங்கும். ஆனால் குனிந்து முகர்ந்தால் ஈர மண்ணின் வாசமும் இலையின் பச்சை வாசமுமே மூக்கில் ஏறும். இங்கே மணக்கும் பூ வேண்டுமென்றால் அது கீழேயிருந்து வர வேண்டும். மல்லிகையும் முல்லையும் சம்பங்கியும் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டிலிருந்து மூட்டையாக ஏறி, மலைப்பாதை வளைவுகளையெல்லாம் கடந்து, மூஞ்சிக்கல் கடைகளுக்கு வந்து சேரும்போது அவற்றின் மணம் பாதியாகியிருக்கும். நிலக்கோட்டைப் பக்கம் சம்பங்கி வயலுள்ள வீட்டில் பிறந்து, திருமணமாகி 19 ஆண்டுகளாக நாயுடுபுரத்தில் வாழும் எனக்கு, இந்த மலை வாழ்க்கையில் குறையென்று சொல்ல இருந்தது இது ஒன்றுதான். சென்ற கோடையில் அந்தக் குறையை ஒரு பிரெஞ்சு வாசனைத் திரவியம் தீர்த்து வைத்தது.

அதன் பெயர் ‘தோ சோன்’. பாரிஸ் நகரத்து டிப்டிக் நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டது. உருவாக்கியவர் ஃபாப்ரீஸ் பெல்லக்ரான். அதன் நடுநாயகமான பூ சம்பங்கி. செண்பகத்தையும் சிலர் சம்பங்கி என்று அழைப்பதுண்டு என்பதால் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன்: நான் சொல்வது நிலசம்பங்கியை. கிழங்கிலிருந்து முளைத்து, இடுப்பளவு உயரத் தண்டில் மெழுகு போன்ற வெள்ளைப் பூக்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக விரிக்கும் செடி அது. கல்யாண மாலையானாலும் சாமி மாலையானாலும் நம் ஊரில் அந்தப் பூ இல்லாமல் கட்டுவது அரிது. மெக்சிகோவிலிருந்து வந்த செடி என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்; அந்த அளவுக்கு அது நம்முடையதாகிவிட்டது.

டிப்டிக்கை 1961-இல் பாரிஸின் சேன் ஜெர்மேன் சாலையில் மூன்று நண்பர்கள் சேர்ந்து தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஈவ் குவெலான் தம் இளமைப் பருவத்தை வியட்நாமில் கழித்தவர். ஹைபோங் நகரத்துக்கு அருகே தோ சோன் என்றொரு கடற்கரை ஊர் உண்டு. அவருடைய கோடை விடுமுறைகள் அங்கே கழிந்தன. கடற்காற்று சுமந்து வந்த சம்பங்கி வாசம் அவர் மனத்தில் தங்கிப்போயிற்று. அந்த நினைவைத்தான் இந்தக் குப்பியில் அடைத்திருக்கிறார்கள். சம்பங்கியோடு ஆரஞ்சுப் பூவும் மல்லிகையும் சேர்ந்திருக்கின்றன. கடற்காற்றின் ஈரமான உப்புச் சாயலும் உண்டு. வெயில் நாட்டுக் கடற்கரையை நினைத்துச் செய்யப்பட்ட ஒரு திரவியம், கடலே கண்ணுக்கெட்டாத பழனி மலையின் உச்சியில் எனக்கு ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்பதைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

துபாயில் வேலை பார்க்கும் என் தம்பி, சென்ற ஏப்ரலில் ஊருக்கு வந்தபோது விரலளவு மாதிரிக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். “அக்கா, நம்ம வயல் வாசம் அடிக்குது, போட்டுப் பாரு” என்றான். காலையில் சமையலறையில் நின்றபடியே மணிக்கட்டில் ஒரு முறை தெளித்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அப்போது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. முதலில் ஸ்பிரிட் நெடி, அது போனதும் ஆரஞ்சுப் பூவின் மெல்லிய இனிப்பு, அதற்குப் பின்னால் எங்கோ ஒரு பூ. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த ரசத்தின் மிளகு வாசம் அதை மூடிவிட்டது. சம்பங்கி என்று சொல்லி எதையோ கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஏரிப் பக்கம் ஒரு வேலையாக நடந்து போனேன். கோடையானாலும் இந்த ஊரில் மதியத்துக்குப் பின் மூட்டம் இறங்குவது வழக்கம், அன்றும் இறங்கியிருந்தது. மேட்டில் ஏறி உடம்பு சற்றுச் சூடாகியிருந்ததால் சால்வையைத் தளர்த்தினேன். அந்த நொடியில் கழுத்தருகிலிருந்து சம்பங்கி வாசம் எழுந்தது. மூக்கருகே பிடித்து முகரும் பூவின் வாசமாக அது இல்லை. இருட்டிய பிறகு மோட்டார் ரூமிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது, வயல் இன்னும் கண்ணில் படுவதற்கு முன்பே காற்றில் வந்து சேர்ந்துவிடும் அந்த வாசம். நான் நடுச்சாலையில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்த பிறகுதான் ஓரமாக ஒதுங்கினேன். காலையில் மணிக்கட்டில் தெளித்தது, சால்வையைச் சுற்றும்போது கம்பளி நூலில் ஒட்டிக்கொண்டு, ஆறேழு மணி நேரம் கழித்து இப்படித் திரும்பி வந்திருக்கிறது. இந்தத் திரவியத்தின் மேல் எனக்கு ஆசை பிறந்தது அந்த மேட்டில்தான்.

அதன் பிறகு அந்த மாதிரிக் குப்பியைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்து, எப்போது எப்படி மணக்கிறது என்று கவனித்தேன். எந்த நறுமணப் பொருளும் ஆவியானால்தான் மூக்கை எட்டும். ஆவியாவதற்குச் சூடு வேண்டும். மே மாதப் பகலிலும் கொடைக்கானலில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே தெளித்ததும் முதலில் எழுந்து, சமவெளியில் பத்து நிமிடத்தில் பறந்துவிடும் முதல் வாச அடுக்கு இங்கே அரை மணி நேரம் தங்குகிறது. நடுவிலுள்ள பூ மணம் அவசரப்படாமல் விரிகிறது. குளிரில் வாசம் அடங்கித்தான் இருக்கும். ஆனால் உடம்பு சூடாகும் ஒவ்வொரு முறையும், மேட்டில் ஏறும்போதோ அடுப்பருகே நிற்கும்போதோ வெயில் பட்ட திண்ணையில் உட்காரும்போதோ, அது ஓர் அலையாக எழுந்து வந்து பின் அடங்கிவிடும். அடர்த்தியான திரவியங்களில் இந்த ஏற்ற இறக்கம் அவ்வளவாகத் தெரிவதில்லை. தோ சோன் இலேசான ‘ஓ தெ துவாலெத்’ வகை என்பதால் இங்கே அது காற்றைப் போலவே வந்து போகிறது.

மே கடைசியில் அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போனபோது இந்தக் கணக்கை முழுதாகச் சோதித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. கிளம்பும்போது சால்வையின் ஒரு முனையில் மட்டும் ஒரே ஒரு முறை தெளித்துக்கொண்டேன். மலைப்பேருந்தில் பாதிப் பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு தலைசுற்றலோடு போராடிக்கொண்டிருப்பார்கள்; அவர்கள் நடுவில் வாசனையை அள்ளிப் பூசிக்கொண்டு உட்காருவது நியாயமாகாது. வெள்ளி நீர்வீழ்ச்சியைக் கடக்கும்வரை அந்த முனையை மூக்கருகே கொண்டுபோனால்தான் வாசம் தெரிந்தது. பெருமாள்மலைக்குக் கீழே சால்வையைக் கழற்றி மடியில் போட்டேன்; மெல்லிய ஆரஞ்சுப் பூ வாசம் மேலே வந்தது. டம்டம் பாறை வளைவுகளில் சன்னல் வழியே வெதுவெதுப்பான காற்று வரத் தொடங்கியதும் மல்லிகை சேர்ந்துகொண்டது. பேருந்து மலையடிவாரத்துக் காட்ரோட்டை எட்டி, சமவெளி அனல் முகத்தில் அறைந்தபோது, மடியிலிருந்த சால்வை முழுக்கச் சம்பங்கியாக இருந்தது. இரண்டரை மணி நேரத்துக்குள் ஒரு குப்பியின் எல்லா அடுக்குகளையும் மலைப்பாதை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிவிட்டது. முன்னிருக்கையிலிருந்த அம்மாள் திரும்பி, “தலையில என்ன பூம்மா வச்சிருக்க?” என்று கேட்டார். தலையில் பூவே இல்லை.

எங்கள் வயலில் இப்போது நிற்பது பிரஜ்வல் ரகம். பெங்களூருவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஒற்றை அடுக்குப் பூ அது. மொட்டில் இலேசான இளஞ்சிவப்பு ஓடும். அடுக்குச் சம்பங்கி பார்க்க அழகு, மணத்தில் ஒற்றைதான் உயர்த்தி. இந்தப் பூவை நம்பியிருப்பவை இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள் என்பதால் மாலை சாய்ந்த பிறகுதான் மணம் ஏறும். அதனால்தான் பூவைப் பறிப்பவர்கள் விடிவதற்கு முன்பே, தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கிவிடுகிறார்கள். பறித்த பின்னும் இந்தப் பூ மணத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். பிரான்சின் கிராஸ் நகரத்தில் முற்காலத்தில் கண்ணாடித் தகடுகளில் கொழுப்பைப் பூசி, அதன் மேல் பூக்களைப் பரப்பி, வாடியதை எடுத்துவிட்டுப் புதிய பூவைப் பரப்பிக் கொழுப்பு முழுக்க மணம் ஏறும்வரை காத்திருந்ததற்குக் காரணம் இந்தக் குணம்தான். இப்போது கரைப்பான் கொண்டு பிரித்தெடுக்கிறார்கள். ஆயிரம் கிலோ பூவுக்கு ஒரு கிலோ அளவுக்குத்தான் ‘கான்கிரீட்’ எனப்படும் மெழுகு கிடைக்கும். அதைச் சுத்தப்படுத்திக் கிடைக்கும் சாறு அதனினும் குறைவு. உலக வாசனைத் தொழிலுக்குப் போகும் சம்பங்கிச் சாற்றில் கணிசமான பங்கு தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் உள்ளிட்ட தென்னிந்தியாவிலிருந்து போகிறது. மார்க்கெட்டில் விலை விழும் நாள்களில் ‘சென்ட் பேக்டரிக்குப் போட்டுட்டேன்’ என்று எங்கள் ஊரில் யாராவது சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தச் சொல்லுக்குள் எப்போதும் ஒரு சோர்வு இருக்கும். பாரிஸ் கடையின் கண்ணாடி அலமாரியில் சம்பங்கிக்கு எவ்வளவு மரியாதை என்பதை இந்தக் குப்பியைப் பிடித்துப் பார்த்தபோது எண்ணிக்கொண்டேன். அந்த மரியாதையில் ஒரு பங்காவது வரப்பு வரைக்கும் வந்து சேர வேண்டும்.

அன்று மாலை அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நாற்பது ஆண்டுகள் இந்தப் பூவோடு வாழ்ந்தவர். ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“என்னம்மா, வயலுக்குப் போயிட்டு வந்தியா?”

“இல்லப்பா. இது சென்ட்டு.”

சால்வை முனையைக் கையில் வாங்கி, மூக்கருகே கொண்டுபோய், பிறகு கையை நீட்டித் தள்ளி வைத்துக்கொண்டு மறுபடி மூச்சை இழுத்தார். “இது கூடையில கெடக்குற பூ வாசம் இல்லம்மா. ராத்திரி தண்ணி பாய்ச்சப் போறப்ப வரப்புல அடிக்கும் பாரு, அந்த வாசம்” என்றார். நான் அந்த மேட்டில் நின்று உணர்ந்ததை, மதிப்புரை என்று இவ்வளவு எழுதியும் என்னால் சொல்ல முடியாத அளவுக்குத் துல்லியமாக அவர் சொல்லிவிட்டார். பூவுக்கும் மூக்குக்கும் இடையில் ஒரு வயலளவு காற்று இருக்கிறது. தோ சோனின் கலை அந்தக் காற்றைச் செய்ததில்தான் இருக்கிறது. கடற்காற்றின் சாயலென்று அவர்கள் சேர்த்தது எனக்கு நீர் பாய்ந்த மண்ணின் ஈரமாகத் தெரிகிறது.

சம்பங்கியின் இன்னொரு முகத்தை என் மாமியார் கண்டுபிடித்தார். தெளித்த முதல் சில நிமிடங்களில் இந்த வாசத்துக்குள் ஒரு சிறு குளிர்ச்சி ஓடும். பக்கத்தில் வந்த அத்தை, “மூட்டுக்குத் தைலம் தேச்சியாம்மா?” என்று கேட்டார். அவர் மூக்கு தவறவில்லை. சம்பங்கிப் பூவின் மணத்தில் மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள் உண்டு. நம் மலைக்கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் விண்டர்கிரீன் தைலம் ஏறத்தாழ முழுக்க அந்தப் பொருள்தான். அந்தத் தைலத்தைத் தரும் புதர் நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைக்காட்டு ஓரங்களில் தானாக வளர்கிறது. கீழே வயலில் இரவில் பூக்கும் பூவையும் மேலே காட்டோரத்தில் நிற்கும் புதரையும் ஒரே பொருள் இணைக்கிறது என்று அறிந்ததிலிருந்து, பிறந்த வீடும் புகுந்த வீடும் இந்தக் குப்பிக்குள் ஒன்றாக இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அத்தைக்கும் இது பிடித்துவிட்டது. கோயிலுக்குக் கிளம்பும்போது தம் சால்வை முனையையும் நீட்டுகிறார்.

சம்பங்கியை வைத்துச் செய்த திரவியங்களில் புகழ்பெற்றவை வேறு பல உண்டு. 1948-இல் ஜெர்மேன் செலியே உருவாக்கிய ‘ஃப்ராகா’ அவற்றில் மூத்தவற்றுள் ஒன்று. வெண்ணெய் போன்ற அடர்த்தியும் கல்யாண மண்டபத்தை நிறைக்கும் வீச்சும் கொண்டது. தோ சோன் வெளியான அதே 2005-இல் தொமினிக் ரோப்பியோனின் ‘கார்னல் ஃப்ளவர்’ வந்தது; பச்சைத் தண்டை ஒடித்தால் வரும் வாசத்தோடு தொடங்கும், நேரம் போகப் போகக் கனக்கும். இரண்டையும் மதிக்கிறேன். ஆனால் மாலைக்கட்டை கழுத்தில் சுமப்பது போன்ற அந்தக் கனம் அன்றாடத்துக்கு எனக்கு ஒத்துவரவில்லை. கட்டிய மாலையின் மணம்தான் சம்பங்கி என்று நினைப்பவர்களுக்குத் தோ சோன் நீர்த்துப்போனதாகத் தோன்றக்கூடும். அவர்கள் மற்ற இரண்டில் ஒன்றைத் தேடுவது நல்லது.

மாதிரிக் குப்பி தீர்ந்ததும் ஆசையில் ஒரு தவறு செய்தேன். பாதி விலைக்குத் தருவதாகச் சொன்ன ஓர் இணைய விற்பனையாளரிடம் வாங்கினேன். வந்தது போலி. பெட்டியின் அச்சு மங்கலாக இருந்தது, மூடி சரியாகப் பொருந்தவில்லை, தெளித்தால் சலவைத் தூளின் வாசம் அரை மணி நேரம் வீசி ஓய்ந்தது. பணம் திரும்பவில்லை. நேரடியாக நிறுவனத்தின் கடையிலோ அதன் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமோ அன்றி இதை வாங்கவே வாங்காதீர்கள். எனக்கு இறுதியில் தம்பிதான் வாங்கி அனுப்பினான். விலை ஐந்து இலக்கத்தில் இருப்பதால், வீட்டில் ஒரு தீபாவளிப் பட்டுச்சேலையை விட்டுக்கொடுத்த பிறகே வாங்கினேன். விட்டுக்கொடுத்ததில் வருத்தமில்லை.

குப்பி முட்டை வடிவ லேபிள் ஒட்டிய கனமான கண்ணாடி. லேபிளில் கறுப்பு மையில் ஒரு கோட்டோவியம், அதைச் சுற்றி வரிசை தப்பித் துள்ளும் எழுத்துகள். 50 மில்லி, 100 மில்லி என்ற அளவுகளில் கிடைக்கும். இதே பெயரில் இன்னும் அடர்த்தியான ‘ஓ தெ பர்ஃபம்’ வகையும் உண்டு. அதில் பூ நெருங்கி நிற்கும், நேரமும் கூடுதலாகத் தங்கும். சமவெளியில் இருப்பவர்கள் மாலை விழாக்களுக்கு அதை விரும்பலாம். அந்த இடைவெளிக் காற்றுக்காகவே இதை நேசிக்கும் நான் இலேசான வகையையே சொல்வேன்.

மலையில் இருப்பவர்கள் இதை உடம்பிலும் துணியிலுமாகப் பிரித்துப் பூசிக்கொள்ளுங்கள். தோலில் மூன்று நான்கு மணி நேரம், கம்பளிச் சால்வையில் மறுநாள் காலைவரை என்பது என் அனுபவம். குளித்த ஈரம் முழுதாகக் காயும் முன், வாசனையில்லாத எண்ணெய்ப் பசையை மணிக்கட்டில் தடவிக்கொண்டு அதன் மேல் தெளித்தால் தோலில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுகிறது. மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்க வேண்டாம். ஆரஞ்சுப் பூவின் முதல் அடுக்கு சூட்டில் விரைவாகப் பறந்துவிடும். பட்டிலும் வெளிர்நிறப் பருத்தியிலும் நேராகத் தெளித்தால் கறை படியலாம் என்பதால் சால்வையின் உட்புறத்தைத் தேர்ந்தெடுங்கள். காலை அடுப்பு வேலை முடியும்முன் போட்டுக்கொண்டால் என்னைப் போல ரசத்திடம் தோற்றுப்போவீர்கள். ஜவ்வாது பூசும் வழக்கமுள்ளவர்கள் அன்று ஒருநாள் அதை நிறுத்தி வையுங்கள். அதன் அழுத்தமான இனிப்பு சம்பங்கியை மேலே வர விடாது. குப்பியைச் சன்னலோர வெயிலில் வைக்காமல் பீரோவுக்குள் வையுங்கள். இந்த ஊர்க் குளிர் அதற்கு நல்லதே செய்யும்.

முழுக் குப்பிக்குப் பணம் கட்டுவதற்கு முன் 2 மில்லி மாதிரி ஒன்றை எப்படியாவது பெற்றுக்கொள்ளுங்கள். அதை ஒரே நாளில் முடிவுசெய்யப் பயன்படுத்தாமல், ஒருநாள் மூட்டமும் குளிருமான பிற்பகலில் மேட்டு நடைக்கும், இன்னொரு நாள் வத்தலகுண்டுக்கோ பழனிக்கோ இறங்கும் பயணத்துக்கும் போட்டுப் பாருங்கள். இரண்டு நாளும் காலையிலேயே தெளித்துவிட்டு, மணிக்கட்டை முகர்ந்துகொண்டே இராமல், உங்கள் வேலையைப் பாருங்கள்.